ஏழு பேர், மூன்று வழிகாட்டிகள், ஒரு இருமல்: அக்கோன்காகுவா ஏற்றம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அர்ஜென்டினாவின் மெண்டோசா மாகாணத்தில் இருக்கிறது அக்கோன்காகுவா. உயரம் 6,961 மீட்டர். ஆசியாவுக்கு வெளியே இதைவிட உயர்ந்த மலை கிடையாது. வடமேற்குப் பக்கமாக ஏறும் இயல்பு வழியில் பாறையில் கயிறு கட்டித் தொங்கும் வேலை இல்லை. அதனால்தான் என்னைப்போல் அனுபவம் குறைந்தவர்களும் பணம் கட்டி, வழிகாட்டிகளோடு போகும் குழுவில் சேர்ந்துவிடுகிறார்கள். ‘நடந்தே போகிற மலை’ என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. நடந்தேதான் போகிறோம். ஆனால் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. மேற்கே பசிபிக் பக்கமிருந்து வரும் காற்றைத் தடுக்கவும் அங்கே எதுவும் கிடையாது.

ஜனவரி மாதம் ஒன்றில் எங்கள் குழு அங்கே ஏறியது. யாரும் உச்சியைத் தொடவில்லை. ஒருவர் நுரையீரலில் நீர் கோர்த்து மருத்துவமனைக்குப் போனார். இன்னொருவருக்கு விரல் நுனிகளில் பனிக்கடி. இருவரும் பிழைத்தார்கள், தேறினார்கள். இந்த எழுத்தைப் படித்துப் பார்த்து, பெயர் போடாமல் வெளியிடலாம் என்றும் சொன்னார்கள். தலைமை வழிகாட்டியிடம் இரண்டு முறை நீளமாகப் பேசினேன். மற்றபடி, இதில் வரும் தவறுகளில் பெரிய ஒன்று என்னுடையது.

குழுவும் ஒப்பந்தமும்

ஏறுபவர்கள் ஏழு பேர். தலைமை வழிகாட்டி ஒருவர், உதவி வழிகாட்டிகள் இருவர். ‘உச்சி நாளில் ஒரு வழிகாட்டிக்கு மூன்று பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தது. பல நிறுவனங்கள் சொல்கிற கணக்குதான் இது. படித்துவிட்டு நல்ல ஏற்பாடு என்று திருப்திப்பட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கணக்கை ஒரு அடி தள்ளிப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஏழு பேருக்கு மூன்று வழிகாட்டிகள். ஒருவருக்கு உடம்பு முடியாமல் திரும்பினால் கூடவே ஒரு வழிகாட்டி இறங்குவார். மிச்சம் ஆறு பேர், இரண்டு வழிகாட்டிகள். விதி இன்னும் மீறப்படவில்லை. அப்புறம் இரண்டாவதாக ஒருவர் திரும்பினால்? ஐந்து பேர், ஒரே வழிகாட்டி. அந்த இடத்தில் பயணமே முடிந்துவிடும். அதாவது முதல் ஆள் திரும்புவதைக் குழு தாங்கும், இரண்டாவது ஆள் தனியாகத் திரும்புவதைத் தாங்காது. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினால் ஒரு வழிகாட்டிதான் செலவு. வெவ்வேறு நேரத்தில் திரும்பினால் இரண்டு பேர் செலவு.

இந்த ஆய்வில் அடிக்கடி வரப்போகும் இருவரைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பொறியாளர், ஐம்பதைத் தாண்டியவர், என் கூடாரத் துணை. குழுவில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. முதல் நாளே அவர் எனக்கு அண்ணன் ஆகிவிட்டார், நான் அவருக்குத் தம்பி. இன்னொருவர் மருந்தாளர், நாற்பது வயதுப் பெண். குழுவிலேயே சீராக நடந்தவர் அவர்தான்.

அடிவாரம் வரை

ஓர்கோனெஸ் நுழைவாயிலிலிருந்து மூன்றாம் நாள் நடை தொடங்கியது. முதல் முகாம் கொன்ஃப்லுவென்சியா, சுமார் 3,400 மீட்டர். ஐந்தாம் நாள் பிளாசா தெ முலாஸ் அடிவார முகாமுக்கு வந்தோம். அது சுமார் 4,300 மீட்டர். முலாஸ் என்றால் கோவேறு கழுதைகள்; பெயருக்கு ஏற்றபடி பொதியெல்லாம் அவைதான் சுமந்து வந்தன.

இரண்டு முகாம்களிலும் பூங்காவின் மருத்துவர்கள் இருக்கிறார்கள். இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்ட பிறகே மேலே விடுகிறார்கள். பொறியாளருக்கு முலாஸில் முதல் நாள் இரத்தத்தில் ஆக்சிஜன் 79 சதவீதம் காட்டியது. எங்களில் மற்றவர்களுக்கு 82-லிருந்து 88 வரை. ஒரு நாள் ஓய்வெடுத்து மறுபடி வரச் சொன்னார் மருத்துவர். இரண்டு நாள் கழித்து 84, நெஞ்சும் தெளிவாக இருந்தது, அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியில் தவறில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

பக்கத்து பொனெட்டே சிகரத்துக்கு (5,004 மீட்டர்) ஒரு நாள் ஏறி இறங்கினோம். பிறகு முதல் மேல் முகாமான பிளாசா கனடாவுக்கு, சுமார் 5,050 மீட்டர், பொதி ஏற்றி வைத்துவிட்டு அன்றே திரும்பினோம். உயரத்தில் வேலை செய்து, தாழ்வில் தூங்குகிற பழைய முறை. இதுவரை எல்லாம் அட்டவணைப்படி.

இருமல்

பொறியாளரின் இருமல் முலாஸில் ஒன்பதாம் நாள் தொடங்கியது. வறண்ட இருமல். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அங்கே காற்று அவ்வளவு வறட்சி. கழுதைகள் கிளப்பும் புழுதி வேறு. சாப்பாட்டுக் கூடாரத்தில் பாதிப் பேர் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள். உயரத்தில் வருகிற சாதாரண இருமலையும் நுரையீரல் நீர்க்கோர்ப்பின் தொடக்கத்தையும் காதால் மட்டும் பிரித்தறிய முடியாது. பிரித்துக் காட்டக்கூடிய அடையாளங்கள் வேறே: சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது, படுத்தால் மூச்சு முட்டுவது, நேற்றுவரை கூடவே நடந்தவர் இன்று பின்தங்குவது.

பதினோராம் நாள் கனடாவில் தங்கினோம். பன்னிரண்டாம் நாள் நிதோ தெ கோந்தோரெஸ், ‘கழுகுக் கூடு’, சுமார் 5,550 மீட்டர். அந்த இரவு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஒரு மணி வாக்கில் விழித்தேன். பொறியாளர் உறங்கும் பைக்குள் உட்கார்ந்திருந்தார். முதுகுக்கு இரண்டு மூட்டைகளை அண்டக் கொடுத்திருந்தார். ‘என்னண்ணே?’ என்றேன். ‘ஒண்ணுமில்ல தம்பி, தூசிதான். படுத்தா தொண்டை அரிக்குது’ என்றார். சொல்லி முடிக்க இரண்டு முறை மூச்சு எடுத்தார். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

காலையில் தேநீர் கொடுக்க வந்த உதவி வழிகாட்டி, எல்லாரும் எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டார். பொறியாளர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, ‘நீங்க ஒண்ணும் சொல்லிராதீங்க’ என்றார். நானும் ‘சரிண்ணே’ என்றேன். வழிகாட்டி இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நாங்கள் பேசியது தமிழ். அவருக்கு அது இருவர் சிரித்துப் பேசுவதாகத் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். மாலையில் விரலில் கருவியை மாட்டி ஆக்சிஜன் பார்ப்பார்கள். தன் முறை வருமுன் பொறியாளர் கையைச் சட்டைக்குள் விட்டுச் சூடாக்குவார், ஐந்தாறு தரம் ஆழமாக மூச்சிழுப்பார். அப்படிச் செய்தால் எண் கொஞ்ச நேரத்துக்கு ஏறி நிற்கும். வழிகாட்டியின் குறிப்பேட்டில் அன்று அவருக்கு 76. இரவில் உட்கார்ந்திருந்தபோது எவ்வளவு இருந்திருக்கும் என்று யாரும் பார்க்கவில்லை.

நான் ஏன் சொல்லவில்லை? அவர் மூன்று வருடம் பணம் சேர்த்து வந்தவர் என்பது ஒரு காரணம். அதை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். இன்னொரு காரணத்தை இங்கேதான் முதலில் எழுதுகிறேன். அவரைக் கீழே அனுப்பினால் ஒரு வழிகாட்டியும் கூடப் போய்விடுவார், எங்கள் வாய்ப்பு குறையும் என்று பயந்தேன். கணக்கை அரைகுறையாகப் போட்டிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது.

வானிலையும் ஓய்வு நாளும்

அட்டவணைப்படி பதின்மூன்றாம் நாள் நிதோவில் ஓய்வு. பதினான்காம் நாள் கடைசி முகாமான பிளாசா கொலேரா, பதினைந்தில் உச்சி. அதற்குப் பின் கூடுதலாக இரண்டு நாள் கையில் இருந்தது.

பதின்மூன்றாம் நாள் காலை வந்த முன்னறிவிப்பு இதை மாற்றிவிட்டது. பதினான்காம் நாள் உச்சியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று, பிற்பகலில் கூடும். பதினைந்து, பதினாறில் 80-க்கு மேல். பதினேழாம் நாள் குறையலாம். அக்கோன்காகுவாவில் உச்சிமேல் தொப்பிபோல் மேகம் கவிந்து, ‘வெள்ளைக் காற்று’ என்று அங்கே சொல்லும் பனிப்புயல் இறங்கினால் எதிரே நிற்கும் ஆள் தெரியாது. அந்த நாட்களில் யாரும் மேலே போவதில்லை.

தலைமை வழிகாட்டிக்கு முன்னால் இரண்டு வழிகள். நிதோவில் காத்திருந்து பதினேழை நம்புவது ஒன்று. ஓய்வை விட்டுவிட்டு அன்றே கொலேராவுக்கு நகர்ந்து பதினான்கில் உச்சிக்குப் போவது மற்றது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். மூன்று நாளுக்கு மேற்பட்ட முன்னறிவிப்பை அந்த மலையில் நம்பி நான்கு நாள் உயரத்தில் உட்கார்ந்திருப்பதும் உடம்பைத் தேய்க்கும் என்றார். அதுவும் உண்மைதான். ஐந்தரையாயிரம் மீட்டருக்கு மேல் ‘ஓய்வு’ என்பது பாதிப் பொய்.

ஆனால் விலை இருந்தது. மூவாயிரம் மீட்டருக்கு மேலே தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை நின்று ஓய்வெடுங்கள் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. முலாஸிலிருந்து கனடா 750 மீட்டர், அங்கிருந்து நிதோ 500, அங்கிருந்து கொலேரா 420. மூன்று நாளில் தூங்கும் உயரம் 1,670 மீட்டர் ஏறிவிட்டது, நடுவில் ஒரு நிறுத்தமும் இல்லாமல். நல்ல உடம்புக்கு இது இறுக்கமான அட்டவணை. ஏற்கெனவே நீர் கோர்க்கத் தொடங்கிய நுரையீரலுக்கு எப்படி இருக்கும்?

முடிவைச் சொல்லும்போது, யாருக்காவது ஏதாவது தொந்தரவு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கேட்டார். நிதோவில் பூங்காக் காவலர்கள் இருக்கிறார்கள், அன்று பொதிகாரர்கள் இருவர் முலாஸுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு ஒருவரை அனுப்ப வழிகாட்டி எவரையும் செலவிட வேண்டாம் என்பதையும் சொன்னார். பொறியாளர் தன் காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உச்சி நாள்

மூன்று மணிக்கு எழுந்து ஐந்து மணிக்குக் கிளம்பினோம். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 22. நெற்றி விளக்கு வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும் தெரியும். இரண்டு அடி, ஒரு மூச்சு.

இந்தெபெந்தென்சியா என்ற இடிந்த மரக் குடில் இருக்கும் இடம் சுமார் 6,380 மீட்டர். அங்கே 8.40-க்குச் சேர்ந்தோம். பொறியாளர் பத்து நிமிடம் பின்னால் வந்தார், வந்ததும் உட்கார்ந்தார். அங்கேதான் எல்லாரும் காலணியில் இரும்பு முள் தகட்டை மாட்ட வேண்டும், ஏனென்றால் அதற்கு அப்பால் நீண்ட குறுக்குச் சரிவு, உறைபனி. அவர் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் காலுக்கு எது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்த மருந்தாளர் வெளிக் கையுறைகளைக் கழற்றிவிட்டு, குனிந்து அவருக்கு வாரை மாட்டிவிட்டார். இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். இரும்பைத் தொட்டு வேலை செய்கிற மூன்று நிமிடம்.

தலைமை வழிகாட்டி பொறியாளரின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். ஆக்சிஜன் 58. உதட்டில் நீலம். பத்தடி நேராக நடக்கச் சொன்னார்; நடந்தார், தள்ளாடவில்லை. அதனால் உயரத்தில் வரும் மூளை வீக்கத்தைவிட நுரையீரல்தான் சந்தேகம் என்று முடிவு செய்து, முதல் உதவி வழிகாட்டியோடு உடனே இறக்கினார். இந்தப் பிரிவு முடிய 25 நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் நாங்கள் காற்றில் நின்றோம். ஒரு குழுவில் ஒருவர் இறங்குவது என்றால் மற்ற எல்லாரும் நிற்பது என்றும் பொருள். கிளம்பும்போது என் கால்விரல்கள் எனக்குச் சொந்தமில்லாதவைபோல் இருந்தன.

ஆறு பேர், இரண்டு வழிகாட்டிகள். குறுக்குச் சரிவைக் கடந்து 12.20-க்கு லா குவேவா. ‘குகை’ என்று பெயர். சாய்ந்து நிற்கும் பாறைக்கடியில் காற்று கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். சுமார் 6,650 மீட்டர். மேலே கனலெட்டா என்ற சரளைக் கால்வாய், அதன் முடிவில் உச்சி. ஒரு மணிக்குள் இங்கிருந்து கிளம்பாவிட்டால் திரும்புவது என்று முந்தின இரவே பேசி வைத்திருந்தோம். நேரம் இருந்தது. வானம் மேற்கே மட்டும் வெளுத்திருந்தது.

மருந்தாளர் தண்ணீர்க் குப்பியின் மூடியைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினார். கையுறையைக் கழற்றினால் வலது கையில் இரண்டு விரல்களின் நுனி மெழுகுபோல் வெள்ளை. கிள்ளினாலும் தெரியவில்லை என்றார். இரண்டாவது உதவி வழிகாட்டி அந்தக் கையைத் தன் சட்டைக்குள், அக்குளுக்கடியில் வைத்துக்கொண்டார். இருபது நிமிடத்தில் மற்ற விரல்கள் சிவந்து வலித்தன. அந்த இரண்டு நுனியும் வெள்ளையாகவே இருந்தன. உறைந்த விரல் இளகி, மேலே போய் மறுபடி உறைந்தால் சேதம் பல மடங்கு. அவர் இறங்கியே ஆக வேண்டும்.

12.50

இப்போது ஐந்து பேர், மிஞ்சப்போவது ஒரு வழிகாட்டி.

ஒரு வழி இருந்தது. எங்கள் ஐவரில் இருவர் மருந்தாளரோடு இறங்கினால், மூவர் தலைமை வழிகாட்டியோடு மேலே போகலாம். விதியும் மீறப்படாது. எங்களில் ஒருவர் இதைச் சத்தமாகவே சொன்னார். யார் இறங்குவது என்று அவர் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. நானும் என் கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஒரு நிமிடம்தான் அந்த மௌனம் இருந்திருக்கும்.

தலைமை வழிகாட்டி வானொலியில் கீழே ஏதோ பேசினார், மேற்கே பார்த்தார், எல்லாரும் இறங்குகிறோம் என்றார். விளக்கம் தரவில்லை, விவாதத்துக்கும் இடம் விடவில்லை.

பிறகு மெண்டோசாவில் காரணத்தைக் கேட்டேன். மூன்று சொன்னார். மேலே போகும் மூவரில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் கூட அனுப்ப ஆள் இல்லை. அங்கே ஒருவரை உட்கார வைத்துவிட்டு இன்னொருவரை இறக்க முடியாது. இரண்டாவது, கொலேராவில் முதல் உதவி வழிகாட்டி பொறியாளரோடு தனியாகச் சிரமப்படுவது வானொலியில் தெரிந்துவிட்டது. மூன்றாவது, அந்த உயரத்தில் களைத்துப்போன ஐந்து பேரிடம் ‘உங்களில் யார் விட்டுக்கொடுப்பீர்கள்’ என்று கேட்பதை அவர் எப்போதும் செய்வதில்லை. கேட்டால் பலவீனமானவர் இறங்க மாட்டார், நாகரிகமானவர்தான் இறங்குவார்.

அன்று எனக்குக் கோபம் இருந்தது. வேறொரு சிறிய குழுவில் மூவர் அன்று பிற்பகலில் உச்சியைத் தொட்டுப் பத்திரமாக இறங்கினார்கள் என்று தெரிந்தபோது இன்னும் கூடியது. இப்போது முதலிரண்டு காரணங்களை ஏற்றுக்கொள்கிறேன். மூன்றாவதில் பாதி மட்டும். அங்கே கேட்கக் கூடாது, சரி. முந்தின மாலை கொலேராவில், சூடான கூடாரத்துக்குள், ‘குழு உடைந்தால் யார் யார் எந்தப் பக்கம்’ என்று அவரே பெயர் சொல்லி அறிவித்திருக்கலாம். அப்போது 12.50-க்கு முடிவெடுக்க ஒன்றுமே இருந்திருக்காது.

இறக்கம்

பொறியாளரும் உதவி வழிகாட்டியும் 11 மணி அளவில் கொலேராவுக்கு வந்திருந்தார்கள். பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்துதான் வந்தார். முகாமில் படுக்க வைத்ததும் மூச்சு இன்னும் மோசமானது. எச்சிலில் நுரை, லேசான இளஞ்சிவப்பு. அங்கே தங்குவது ஆபத்து என்று வழிகாட்டி உடனே புரிந்துகொண்டார். இந்த நோய்க்கு முதல் மருந்து இறங்குவதுதான். கையில் இருந்த ஆக்சிஜனைக் கொடுத்து, முலாஸ் மருத்துவர் வானொலியில் சொன்னபடி, நுரையீரல் இரத்தக் குழாய்களின் அழுத்தத்தைக் குறைக்கும் நிஃபெடிபின் மாத்திரையும் கொடுத்து, தோளில் சாய்த்துக்கொண்டு நிதோவுக்குக் கிளம்பினார். பாதி வழியில் பூங்காக் காவலர்கள் எதிரே ஏறி வந்து சேர்ந்துகொண்டார்கள்.

நிதோவில் ஆக்சிஜன் இல்லாமல் அளந்தபோது 52. அங்கேயும் நிறுத்தவில்லை. மீட்புக் குழுவினரோடு சரளைச் சரிவு வழியாக நேரே இறக்கி, இரவு எட்டு மணிக்கு முலாஸ். ஜனவரியில் அந்நேரம் அங்கே வெளிச்சம் இருக்கும். அது பெரிய உதவி. மருத்துவர் இரண்டு நுரையீரலிலும் நீர் சத்தம் கேட்கிறது என்றார். மறுநாள் காலை, காற்று எழும்புமுன் ஹெலிகாப்டர் அவரை எடுத்துச் சென்றது.

நாங்கள் 16.30-க்குக் கொலேரா வந்தோம். திரும்பிப் பார்த்தபோது உச்சி தெரியவில்லை.

பிறகு

மருத்துவமனையில் எடுத்த நெஞ்சுப் படம் நுரையீரல் நீர்க்கோர்ப்பை உறுதி செய்தது. நான்காம் நாள் பொறியாளர் நடந்தே வெளியே வந்தார். மருந்தாளரின் விரல் நுனிகளில் தோல் கறுத்து உரிந்து, சில வாரத்தில் புதுத்தோல் வந்தது. குளிர் பட்டால் இன்னும் மரக்கிறது என்கிறார். அவர் பொறியாளர்மீது கோபப்படவில்லை. என்மீது கொஞ்சம் பட்டார். ‘உங்களுக்கு இரண்டு இரவு முன்பே தெரியுமா?’ என்று ஒரே ஒரு முறை கேட்டார்.

மெண்டோசாவில் கடைசி மாலை பொறியாளர் இன்னொன்றைச் சொன்னார். சில வருடம் முன் ஐயாயிரம் மீட்டர் நடைப்பயணம் ஒன்றில் இதேபோல் இரவில் மூச்சு முட்டி, கீழே இறங்கியதும் சரியாகியிருக்கிறது. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். பதிவுப் படிவத்தில் ‘முன்பு உயரத்தால் நோய் வந்ததுண்டா?’ என்ற கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதியிருந்தார். மருத்துவர் யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லையே, அதனால் பொய் என்று தோன்றவில்லை என்றார்.

திரும்பிப் பார்க்கையில்

பதின்மூன்றாம் நாள் காலை நான் வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பொறியாளர் பொதிகாரர்களோடு முலாஸுக்கு இறங்கியிருப்பார். ஆறு பேர், மூன்று வழிகாட்டிகள் மேலே. இந்தெபெந்தென்சியாவில் 25 நிமிட நிற்பு இல்லை, மருந்தாளர் கையுறையைக் கழற்றவும் தேவையில்லை. அப்படியே வேறு காரணத்தால் அவர் திரும்பியிருந்தாலும், ஐந்து பேர், இரண்டு வழிகாட்டிகள். விதிக்கு உள்ளேதான். நாங்கள் உச்சிக்குப் போயிருப்போம் என்று சொல்லவில்லை, காற்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு வழிகாட்டியை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் நான் காத்த மௌனம்தான் இரண்டு வழிகாட்டிகளைச் செலவழித்தது.

வேறு ஒரு தொடக்கமும் உண்டு. இந்த மலையில் பதிவான முதல் ஏற்றம் 1897 ஜனவரி 14 அன்று நடந்தது. ஆங்கிலேயர் எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் பணம் போட்டுக் கூட்டி வந்த பயணம் அது. அவர் பல முறை முயன்றும் உயர நோயால் திரும்பினார்; உச்சியில் தனியாக நின்றவர் அவருடைய வழிகாட்டி, சுவிட்சர்லாந்தின் மத்தியாஸ் சுர்பிரிகன். பணம் கட்டியவர் கீழே, வழிகாட்டி மேலே. இன்றைய ஒப்பந்தங்களில் இது தலைகீழ்: ஏறுபவர் இறங்கினால் வழிகாட்டியும் இறங்க வேண்டும். அது சரியான விதி. ஆனால் அந்த விதி ஏறுகிற ஒவ்வொருவரையும் மற்றவரின் நுரையீரலோடு கட்டிவைக்கிறது என்பதை யாரும் எங்களுக்கு விரித்துச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

என்ன மாற்றுவேன்

சேருமுன் நிறுவனத்திடம் ‘ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்’ என்று கேட்பதோடு நிறுத்த மாட்டேன். ‘இருவர் வெவ்வேறு நேரத்தில் திரும்பினால் மற்றவர்களுக்கு என்ன ஆகும்’ என்று எழுத்தில் கேட்பேன். எங்கள் நிறுவனத்திடம் இதைக் கேட்டு எழுதினேன். ஏழும் அதற்கு மேலும் உள்ள குழுக்களுக்கு உச்சி நாளில் கொலேராவில் ஒருவரைத் தயாராக நிறுத்தி வைப்பதாகப் பதில் வந்தது. நல்லது. முன்பே கேட்டிருந்தால் முன்பே நிறுத்தியிருப்பார்களோ என்னவோ.

ஆக்சிஜன் அளவைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் பார்ப்பது பரீட்சை மதிப்பெண் வாசிப்பதுபோல் ஆகிவிடுகிறது. எண்ணைத் தேற்றத் தோன்றும். விடியற்காலையில், எழுந்திருக்குமுன், கூடாரத்துக்குள் பார்க்க வேண்டும். தலைமை வழிகாட்டி இதை ஒப்புக்கொண்டார். கூடாரத் துணைவர்கள் ஒருவரைப் பற்றி மற்றவர் தனியாகச் சொல்ல ஒவ்வொரு காலையும் இரண்டு நிமிடம் ஒதுக்கப்போவதாகவும் சொன்னார். இது கோள் சொல்வதாகாதா என்று ஒருவர் கேட்டாராம். இரவில் ஒருவர் உட்கார்ந்தபடி தூங்குவது கூடவே படுத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஓய்வு நாளை விடுவது பற்றி எனக்கு இன்னும் தெளிவான பதில் இல்லை. அன்று அந்த முன்னறிவிப்பை வைத்து நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன் என்று தோன்றுகிறது. ஆனால் விடும்போது, ‘யாருக்காவது தொந்தரவா?’ என்று கேட்பது போதாது. ஒவ்வொருவரையும் நிதோவிலேயே நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்திருக்கலாம்.

என்னைப் பொறுத்தவரை ஒரு சிறிய ஏற்பாடு. இனி யாரோடு கூடாரத்தைப் பகிர்ந்தாலும், முதல் நாளே, இருவரும் தெளிவாக இருக்கும்போது, ‘இரவில் உங்களுக்கு என்ன ஆனாலும் காலையில் சொல்லிவிடுவேன், நீங்களும் சொல்லுங்கள்’ என்று பேசிவிடுவேன். பிறகு சொல்வது காட்டிக்கொடுப்பதாக இருக்காது.

பொறியாளர் மறுபடி பெயர் கொடுத்திருக்கிறார். அதே மலை, இன்னும் நான்கு நாள் நீளமான அட்டவணை. படிவத்தின் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். அந்தக் கேள்விக்கு எதிரே இந்த முறை ‘ஆம்’ என்று எழுதி, பக்கத்தில் மருத்துவமனை அறிக்கையின் தேதியையும் போட்டிருக்கிறார். ‘சேர்த்துக்குவாங்களான்னு தெரியல தம்பி’ என்று கீழே ஒரு வரி.